நாய்க்கு மண்ணெண்ணெய் தடவச் சொன்ன குறிப்பு பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், வெள்ளிப் பாத்திரம் துலக்குவதற்கும் தோசை கல்லில் ஒட்டாமல் வருவதற்கும் நடுவே மூன்று வரியில் ஒரு யோசனை வந்திருந்தது. நாய்க்கு உண்ணி பிடித்திருந்தால் மண்ணெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து உடம்பு முழுக்கத் தேய்த்து, அரை மணி நேரம் ஊறவிட்டுக் குளிப்பாட்டினால் ஒன்று விடாமல் உதிர்ந்துவிடுமாம். தோசைக் குறிப்பு தப்பாக இருந்தால் ஒரு தோசை பிய்ந்துபோகும். இந்தக் குறிப்பை நம்பினால் ஒரு நாய் செத்துப்போகலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

கடிதம் கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் என்னைப் பற்றிய வரிகளை வெட்டிக்கொள்ளுங்கள். மருந்தைப் பற்றிய வரிகளில் கை வைக்க வேண்டாம்.

நான் மதுரை செல்லூரில் இருப்பவள். சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். தெருவில் இன்றைக்கும் 'சத்துணவு டீச்சர்' என்றால்தான் தெரியும். நான் குடியிருப்பது ஐந்து வீடுகள் உள்ள பழைய காம்பவுண்ட். பொதுவாக ஒரு முற்றம், ஒரு குழாய், ஒரு மோட்டார் சுவிட்ச். ஒரு காலத்தில் தறி ஓடிய இடம் என்பதால் இரண்டு வீடுகளில் தறிக்குழியை மேலோட்டமாக மூடி வைத்திருந்தார்கள். என்னிடம் ஒரு நாய் இருக்கிறது. சிப்பிப்பாறை ரத்தம் கொஞ்சம் கலந்த நாட்டு நாய். கள்ளிக்குடிப் பக்கம் என் நாத்தனார் வீட்டில் பிறந்தது. நிறம் செவலை, பெயரும் செவலை. உண்ணியின் நிறமும் ஏறக்குறைய அதேதான் என்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது சிரமம், கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். நாய் என்னுடையது என்றாலும் உண்ணி ஐந்து வீட்டுக்கும் பொதுச் சொத்து. காம்பவுண்டில் குடியிருந்தவர்களுக்கு இதைச் சொன்னாலே மீதிச் சண்டையெல்லாம் புரிந்துவிடும்.

முதலில் அந்த மண்ணெண்ணெய். ரேஷனில் அது கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில் நாய்க்குத் தேய்க்க யாரிடம் இருக்கிறதோ தெரியவில்லை. அது நாயின் தோலைப் புண்ணாக்கும். அரை மணி நேரம் ஊறவிட்டால் நாய் சும்மா உட்கார்ந்திருக்காது, நக்கும். நக்கினால் வாந்தி வரும். வாந்தியோடு மண்ணெண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் கெட்டுப்போகும். குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வதும் இதே காரணத்தால்தான். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். இரண்டையும் கலந்து தேய்த்து, உண்ணி உதிர்ந்ததா என்று பார்க்கச் சொல்கிறது உங்கள் குறிப்பு.

இது மட்டும்தான் என்றில்லை. எங்கள் காம்பவுண்டுக்குள் நான் கேட்ட வைத்தியங்களைத் தொகுத்தால் தனி இணைப்பே போடலாம். கடித்துக்கொண்டிருக்கும் உண்ணியின் பின்பக்கம் பீடி நெருப்பை வைத்தால் தானாக விட்டுவிடும் என்பார் ஒருவர். சுடும்போது அது தன் வயிற்றில் இருப்பதை நாயின் ரத்தத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும், கிருமியும் கூடவே போகும் என்றால் சிரிப்பார். பூண்டைத் தட்டிச் சோற்றில் பிசைந்து போட்டால் ரத்தம் கசந்து உண்ணி அண்டாது என்பார் இன்னொருவர். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. உண்ணி கொண்டுவரும் ஒரு காய்ச்சலும் அதே சிவப்பணுக்களைத்தான் உடைக்கிறது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன மிஞ்சும்?

வயதானவர்கள் இன்னும் கமாக்சின் பொடியைத் தேடுகிறார்கள். அதில் இருந்த பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லியை 1997இலேயே நாட்டில் தடை செய்துவிட்டார்கள். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற வெள்ளைப் பொடி எதுவாக இருந்தாலும் நாய்க்குப் போடுவதற்கில்லை.

மூன்றாம் வீட்டுத் தம்பிக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் சொந்த ஊர். மாட்டு உண்ணிக்கு அடிக்கிற டெல்டாமெத்ரின் மருந்துப் பாட்டிலோடு வந்து நின்றான்.

"டீச்சரக்கா, எங்க மாட்டுக்கு இதான் அடிப்போம். ஒரு மூடி ஊத்தி ஒரு வாளி தண்ணி, முடிஞ்சு போச்சு."

"எந்த மூடிப்பா, எந்த வாளி?"

"அது ஒரு கணக்குத்தான்க்கா."

அந்தக் கணக்குதான் ஆளைக் கொல்கிறது. மாடு எத்தனை கிலோ, நாய் எத்தனை கிலோ? அளவு தப்பினால் நாய்க்கு நடுக்கம் எடுத்து வாயில் நுரை தள்ளும். எதிர் வீட்டில் பூனையும் இருக்கிறது. டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்துகள் பூனைக்கு விஷம். ஈரம் காயாத நாயோடு ஒட்டிப் படுத்தாலே பூனைக்கு ஆபத்து. அமிட்ராஸ் என்ற மருந்தை நாய்க்குத் தண்ணீரில் கலந்து தடவுவது உண்டு. ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில், ஊசிக்குழலால் அளந்து, கைக்கு உறை போட்டுச் செய்ய வேண்டும். தம்பிக்குக் கோபம்தான். இருந்தாலும் பாட்டிலை ஊருக்கே திருப்பி எடுத்துப் போய்விட்டான்.

கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் வசம்பு வாங்கி, வேப்பிலை, மஞ்சள், துளசி, பூண்டு, உண்ணிச் செடி இலை எல்லாம் சேர்த்து அரைத்து மாட்டுக்குத் தெளிக்கிற முறையை நான் குறை சொல்லவில்லை. கால்நடை மருத்துவர்களே மாட்டுக்குச் சொல்லும் மூலிகை முறைதான் அது. அதிலும் பூண்டு இருப்பதையும், நாய் தன் மேல் பட்டது எதையும் நக்கித் தீர்க்காமல் விடாது என்பதையும் மட்டும் நினைவில் வையுங்கள். வேப்பெண்ணெய் உண்ணியைக் கொஞ்சம் விலக்கி வைக்கும். பல்லைப் பதித்து ஒட்டிக்கொண்டதைக் கொல்லாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இத்தனை வைத்தியமும் நாயின் முதுகிலேயே நடக்கிறது. உண்ணியில் பெரும்பங்கு சுவரில் இருக்கிறது.

பள்ளியில் அரிசி மூட்டையில் வண்டு வந்தால், மேல் மூட்டையைச் சலித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர் அடுத்த மாதமும் சலித்துக்கொண்டிருப்பார். பலகையைத் தூக்கி, மூலையைக் கூட்டி, சுவர் வெடிப்பைப் பூசினால்தான் வண்டு போகும். உண்ணிக்கும் அதே நியாயம்தான். நம் ஊர் நாய்களில் பெரும்பாலும் பார்ப்பது பழுப்பு நாய் உண்ணி. மற்ற உண்ணிகள் புல்லிலும் புதரிலும் காத்திருக்கும். இது வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தப் பழகியது. "கண்மாய்ப் பக்கம் கூட்டிட்டுப் போகாதீங்க, முள்ளுக்குள்ள இருந்துதான் ஏறுது" என்று எனக்கு அறிவுரை சொல்கிறவர்களின் தலைக்கு மேலே, பரண் மூலையில் அது முட்டையிட்டுக்கொண்டிருக்கும்.

முட்டையிலிருந்து பெரிதாகும் வரை இந்த உண்ணி மூன்று தடவை நாயின் மேல் ஏறி மூன்று தடவை இறங்குகிறது. பொரித்து வரும் குஞ்சுக்கு ஆறு கால். கண்ணுக்கு ஒரு புள்ளியாகத்தான் தெரியும். நாயின் மேல் சில நாள் ரத்தம் குடித்துவிட்டு விழும். சுவரிடுக்கில் தோல் உரித்து எட்டுக் காலோடு வரும். மறுபடி ஏறிக் குடித்து, விழுந்து, தோல் உரிக்கும். மூன்றாவது தடவை முழு உண்ணியாக ஏறும். பெண் உண்ணி வயிறு புடைத்துச் சாம்பல் நிறமாகிக் கீழே விழுந்ததும், இடுக்கு பார்த்துப் போய் முட்டையிட்டுவிட்டுச் செத்துவிடும். ஒரு பெண் நாலாயிரம் முட்டை வரை இடும். நம் ஊர் வெயிலுக்கு இந்தச் சுற்று முழுவதும் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ள இங்கே ஒன்றும் இல்லாததால் வருஷம் முழுக்க நடக்கும்.

இறங்கிய உண்ணி தரையில் தங்குவதில்லை, சுவரில் மேல்நோக்கி ஏறும். அதனால் தரையைப் பினாயில் ஊற்றித் துடைத்துப் பயனில்லை. பினாயிலும் நாய்க்கு ஆகாது, பாதத்தை நக்கினால் உள்ளே போய்விடும். தேட வேண்டிய இடங்கள் நிலைக்கதவின் இடுக்கு, ஜன்னல் சட்டம், சுவிட்ச் போர்டின் பின்பக்கம், காலண்டர் அட்டைக்குப் பின்னால், சாமி படச் சட்டம், கயிற்றுக் கட்டிலின் முடிச்சுகள், நாய் படுக்கிற சாக்கு. சாமி படத்துக்குப் பின்னால் தேடியதற்கு இரண்டாம் வீட்டுப் பெரியம்மா என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை. ஆனால் அங்கேதான் அதிகம் இருந்தது.

பசியோடு எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். வளர்ந்த உண்ணி ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் ஓராண்டுக்கு மேல் உயிரோடு இருக்கும். எங்கள் கடைசி வீட்டில் முன்பு இருந்தவர்கள் ஒரு பொமரேனியன் வளர்த்தார்கள். அவர்கள் காலி செய்த பின் வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. பெயின்ட் அடிக்கத் திறந்த வாரத்தில் முற்றத்துச் சுவரில் வரிசையாக நடந்து வந்தன. அதுவரை சுத்தமாக இருந்த செவலையின் காதுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் எல்லாம் ஏறிவிட்டன. வாடகைக்கு வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா, ஈபி மீட்டர் தனியா என்று கேட்கிறோமே, முன்பிருந்தவர் நாய் வைத்திருந்தாரா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். பொங்கலுக்கு எப்படியும் வெள்ளையடிக்க வேண்டும், அதை இப்போதே செய்யுங்கள் என்றதும் ஒத்துக்கொண்டார். ஐந்து வீட்டையும் ஒரே நேரத்தில் செய்தோம். ஒரு வீட்டை விட்டாலும் வீண். வெடிப்புகளில் சிமெண்ட் பூசி, தறிக்குழிகளைக் கெட்டியாக மூடி, நிலைக்கதவு இடுக்கை அடைத்தோம். சாக்கைக் கொளுத்திவிட்டு, துவைக்கிற மாதிரி ஒரு துணி விரிப்பு கொடுத்தேன். கயிற்றுக் கட்டிலுக்கு வெந்நீரை ஊற்றி மொட்டை மாடி வெயிலில் போட்டோம். பூச்சி மருந்து அடிக்கும் ஆள் வந்து சுவர் அடியும் மூலையும் பார்த்து அடித்தார். மருந்து காயும் வரை நாய், பூனை, பிள்ளைகள், நாலாம் வீட்டு மீன் தொட்டி எல்லாம் வெளியே. மருந்து முட்டையைக் கொல்லாது. அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்து, பொரித்தவற்றுக்காக இன்னொரு முறை அடிக்க வேண்டும். இரண்டாம் முறைக்குக் காசு கொடுக்கத்தான் எல்லோருக்கும் கசக்கும். "அதான் போயிருச்சுல்ல" என்பார்கள். அந்த இரண்டாம் முறையை விட்டால் முதல் முறை கொடுத்த காசும் போச்சு.

நாய்க்கான மருந்தில் இப்போது நல்ல வழிகள் வந்துவிட்டன. கழுத்துக்குப் பின்னால் முடியை விலக்கித் தோலில் விடுகிற ஃபிப்ரோனில் சொட்டு மருந்து இருக்கிறது. அதை விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. குளிப்பாட்டிச் சுத்தமாக்கிவிட்டு உடனே மருந்து விடுகிறவர்கள்தான் மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள். வாய்வழி கொடுக்கும் மாத்திரைகளும் உண்டு. அஃபாக்சோலனர் போன்றவை ஒரு மாதம் தாங்கும், ஃப்ளூராலனர் மூன்று மாதம் போலத் தாங்கும். விலை நாயின் எடையைப் பொறுத்துச் சில நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். வலிப்பு வந்த நாய்க்கும் சின்னக் குட்டிக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. எடை தெரியாமல் வாங்கவும் கூடாது. பழைய பேப்பர்க் கடைத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு நாம் மட்டும் ஏறிக் கழித்துப் பார்த்தால் எடை வந்துவிடும். நம் எடையை நாலு பேர் பார்ப்பார்கள், அது ஒன்றுதான் கஷ்டம்.

மாத்திரை கொடுத்தும் உண்ணி ஏறுகிறதே என்று நிறையப் பேர் அலுத்துக்கொள்கிறார்கள். ஏறத்தான் செய்யும். அந்த மருந்து நாயின் ரத்தத்தில் இருக்கிறது. உண்ணி ஏறி, கடித்து, குடித்தால்தான் சாகும். ஓரிரு நாளில் காய்ந்து விழும். இதை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். சுவரில் ஒளிந்திருப்பவை பசி தாங்காமல் இறங்கி வருவது நாயைத் தேடித்தான். நாய்க்கு மாத்திரை கொடுத்து வீட்டிலேயே வைத்திருந்தால் ஒவ்வொன்றாக வந்து கடித்துச் செத்துக்கொண்டிருக்கும், முட்டையிட ஆள் இருக்காது. நாயைக் கொண்டுபோய் ஊரில் விட்டுவிட்டால் உண்ணி வீட்டில் இருக்கும், பசியோடு இருக்கும், படுத்திருக்கும் மனிதர் மேலும் சில சமயம் ஏறிப் பார்க்கும். "நாயை அனுப்புனாத்தான் உண்ணி போகும்" என்று காம்பவுண்டில் பஞ்சாயத்து வைத்தபோது நான் சொன்னது இதைத்தான். ஆனால் ஒரு மாதம் கொடுத்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. சுவரில் இருப்பவை தீரும் வரை சில மாதம் விடாமல் கொடுக்க வேண்டும்.

கையில் அகப்பட்டதை எடுக்கும் முறை எளிது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக இழுக்க வேண்டும். விரல் நகத்தில் வைத்து நசுக்குவதும் தரையில் போட்டுக் காலால் தேய்ப்பதும் கூடாது. அதற்குள் இருக்கும் கிருமி நம் கைப் புண்ணில் படும். கரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் வீட்டில் எங்காவது மிச்சம் இருக்கும். ஒரு சின்ன டப்பாவில் ஊற்றி அதில் போட்டு மூடிவிடுங்கள்.

ரத்தம் உறிஞ்சுவதோடு அது விட்டிருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். கடைசி வீட்டைத் திறந்து மூன்று வாரம் போல இருக்கும். செவலை சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போனான். சித்திரை வெயில், வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மறுநாள் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். மூக்கிலிருந்து. "சூட்டுக்கு மூக்கு உடைஞ்சிருக்கு, இளநி குடு" என்றார் பெரியம்மா. கால்நடை மருத்துவர் முதலில் செய்தது மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்ததுதான். சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. வயிற்றுத் தோலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன. டெங்கு வந்த வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தட்டணுக் கணக்கு நன்றாகத் தெரியும்.

எர்லிக்கியா என்ற கிருமி. பழுப்பு உண்ணி கொண்டுவருவது. இதற்குத் தடுப்பூசி கிடையாது. டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுக்கச் சொன்னார். சில நாளிலேயே நாய் எழுந்து வாலாட்டிச் சோறு கேட்கும். அங்கேதான் பாதிப் பேர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். உடம்பில் ஒளிந்த கிருமி மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பிடித்தால் பிறகு மீட்பது கடினம். பதிவேடு எழுதிப் பழகிய கை என்பதால் காலண்டரில் ஒவ்வொரு நாளும் குறித்து, முழுவதும் கொடுத்தேன். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், பாலில் கரைத்துக் கொடுத்தால் பாலின் கால்சியம் மருந்தை உடம்பில் சேரவிடாது. இரண்டு கவளம் சோற்றுக்குப் பிறகு, தண்ணீரோடு. செவலை பிழைத்துக்கொண்டான்.

இன்னொன்று பபேசியா. சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைப்பது. சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும். அதற்கு மருந்தே வேறு. இரண்டும் ஒன்றாகவும் வரும். அதனால் கடையில் பேர் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுக்காமல் ரத்தம் பார்ப்பதுதான் முறை. காய்ச்சல் அடிக்கிறதே என்று நம் வீட்டுக் காய்ச்சல், வலி மாத்திரையைப் பாதி ஒடித்துக் கொடுக்கவே கூடாது. தட்டணு குறைந்த நாய்க்கு அதில் சில மாத்திரைகள் வயிற்றிலேயே ரத்தம் கசிய வைக்கும்.

இந்த இடத்தில் தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று தலைப்புப் போட்டு எழுதுகிறீர்கள். அது ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது புதர்களில் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிறு பூச்சியின் குஞ்சு. நாய் உண்ணி அல்ல. செய்தியின் உள்ளே சரியாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் டீக்கடையில் தலைப்பை மட்டும் படிப்பவர்கள் அதிகம். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் தெருவில் வீட்டு நாய்கள் சில இரவோடு இரவாக வைகைக் கரைக்கும் ரிங் ரோட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. நாய் உண்ணியும் அரிதாக மனிதருக்கு வேறொரு டைபஸ் காய்ச்சலைத் தரக்கூடியதுதான். உண்ணி கடித்த பின் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். அதற்கு நாயைத் தெருவில் விடுவது தீர்வாகாது. விட்ட நாய் தெரு நாய்களோடு சேர்ந்து இன்னும் அதிக உண்ணியைத்தான் சுமக்கும்.

தெரு நாய் என்றதும் மாநகராட்சிக்கு வருகிறேன். மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெரு நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலும், வெறிநோய் உள்ளவையும் ஆக்ரோஷமானவையும் தவிர மற்ற நாய்களுக்குக் கருத்தடை, குடற்புழு நீக்கம், தடுப்பூசி, பிறகு அதே பகுதியில் விடுதல் என்றுதான் இருந்தது (பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் பிடித்த நாய்களை அங்கேயே விடக் கூடாது என்று அதே ஆண்டு நவம்பரில் சொன்னது தனி). இந்த வரிசையில் உண்ணி இல்லை. நாய்களை எங்கே கூட்டமாக அடைத்து வைத்தாலும் பழுப்பு உண்ணிக்குக் கொண்டாட்டம். கூண்டு, சுவர், கூட்டம் மூன்றும் கருத்தடை மையத்தில் இருக்கும். சுமாராக உண்ணியோடு உள்ளே போகிற நாய் மேலும் வாங்கிக்கொண்டு தெருவுக்குத் திரும்பலாம். அந்தத் தெருவில்தான் நம் வீட்டு வாசல்.

பிடிக்கிறதுதான் கஷ்டமான வேலை, அதைத்தான் ஏற்கெனவே செய்துவிடுகிறார்களே. மயக்கம் தெளிந்த நாய்க்கு விடுவதற்கு முன் மூன்று மாதம் தாங்கும் ஒரு மாத்திரையைச் சோற்று உருண்டையில் வைத்துக் கொடுத்தால் போதும். கூண்டுச் சுவர்களின் இடுக்கைப் பூசி, முறை வைத்து மருந்து அடிக்கலாம். செலவு ஆகும், இல்லை என்று சொல்லவில்லை. எல்லா நாய்க்கும் முடியாவிட்டால் பால் கொடுக்கும் தாய் நாய்களுக்கு எது பாதுகாப்பானது என்று மருத்துவர்களைக் கேட்டு, அவற்றிலிருந்தாவது தொடங்கலாம். ஆண்டுதோறும் வெறிநோய் நாளையொட்டி நடக்கும் இலவசத் தடுப்பூசி முகாம்களுக்கு மக்கள் நாயோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். நிற்கும் நேரத்தில் இடுக்கியால் உண்ணி எடுப்பது எப்படி, ஈறு பார்ப்பது எப்படி என்று ஒருவர் செய்து காட்டினால் தனிச் செலவே இல்லை.

இதை எங்கள் வார்டு உறுப்பினரிடம் சொன்னேன். "எழுதிக் குடுங்க டீச்சர்" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனுவின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். பக்கத்து வார்டுக்காரர்களும் கேட்டால் நல்லது என்பதால் முடிந்தால் அதையும் வெளியிடுங்கள். இந்தக் கடிதத்தை ஞாயிறு இணைப்பிலேயே, குறிப்புகள் வருகிற அந்தப் பக்கத்திலேயே போடவும். ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதியை எங்கள் காம்பவுண்டில் என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
செல்லூர், மதுரை.
(பெயர் வேண்டாம், தெருவுக்கே தெரியும்.)